வேகமான ஆள் கையில் இருக்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறு மதியம் பேஸ்பால் சிமுலேஷன் ஆட உட்காருவோம்; நிஜ ஆட்டக்காரர்களின் திறமையை எண்ணாக்கி, அட்டையும் பகடையும் வைத்து ஆடும் பேஸ்பால் அது. ஆத்தங்குடிக் கல் தரையில் இருபது முகப் பகடை உருளும். என் சித்தப்பா மகன் கையில் வேகமான ஆள் வந்துவிட்டால், முதல் பேஸில் நின்றதும் ஸ்டீலுக்கு, அதாவது பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸைத் திருட, அனுப்பிவிடுவான். பேஸ் என்பது ஓடுபவர் நின்றுகொள்ளும் இடம்; மூன்றையும் கடந்து ஹோம் திரும்பினால் ஒரு ரன். அவன் தோற்ற ஆட்டங்களில் பாதி அதனால்தான் தோற்றவை.

அமெரிக்காவின் உச்சப் போட்டியான மேஜர் லீக் சராசரியில், அவுட் எதுவும் ஆகாமல் முதல் பேஸில் ஓர் ஆள் இருந்தால், அந்த இன்னிங்ஸில் மேற்கொண்டு சுமார் 0.9 ரன் வரும். இரண்டாம் பேஸைத் திருடிவிட்டால் அது 1.1 ஆகும். பிடிபட்டால் பேஸ் காலி, ஓர் அவுட்; மிஞ்சுவது கால் ரன்தான். கொடுக்கல் வாங்கல் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் போதும்: கிடைக்கும் வட்டி 20 பைசா, போனால் அசலில் 60 பைசாவுக்கு மேல். நாலு முறை ஓடினால் மூன்று முறையாவது தப்பிக்க வேண்டும். 1982-ல் மேஜர் லீக் ஆட்டக்காரர் ரிக்கி ஹெண்டர்சன் 130 பேஸ் திருடினார். 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் அதை எவரும் தாண்டவில்லை. அதே ஆண்டு 42 முறை பிடிபட்டார். அவருக்கே நாலில் மூன்றுக்குச் சற்றுதான் மேல்!

அடுத்த தவறு, வேகத்தையும் திருடும் திறமையையும் ஒன்றாக நினைப்பது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பகடை ஆட்டத்தின் அட்டையில் ஓட்டத்துக்கு ஓர் எண், ஸ்டீலுக்குத் தனி எழுத்து. அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் என்ற கணினி ஆட்டத்திலும் வேகம், ஸ்டீல், பேஸ் ஓட்டம் மூன்றும் தனித்தனி. பந்து வீசும் பிட்சரின் அசைவைப் படிக்கத் தெரியாதவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிடிபடுவார்.

சரி, வேகம் எங்கே பலன் தரும்? சிங்கிளில் (அடித்தவர் ஒரு பேஸ் போகும் அடி) முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்குப் போவது, டபுளில் (இரண்டு பேஸ் போகும் அடி) நேரே ஹோம் வருவது. இது சத்தமில்லாமல் வரும் ரன், அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. ஸ்ட்ராட்டில் ஒவ்வொருவரின் ஓட்ட எண்ணும் 8 முதல் 17 வரை ஏதாவது ஒன்று. பகடை அந்த எண்ணாகவோ அதற்குக் கீழோ விழுந்தால் தப்பினார். தூரத்தில் நின்று பந்தைத் திருப்பி எறியும் அவுட்ஃபீல்டரின் கைவலுவை மறக்காமல் கணக்கில் சேருங்கள். இரண்டு அவுட் ஆகியிருந்தால் பந்து மட்டையில் பட்டதுமே ஆள் ஓடத் தொடங்கிவிடுவார். அதற்காக எண்ணில் 2 கூடும். அவுட்டே ஆகாத நேரத்தில் மூன்றாம் பேஸுக்குத் துரத்தி ஆளை இழப்பதுதான் எனக்கு ஆறவே ஆறாது. இரண்டாம் பேஸிலேயே நின்றிருந்தாலும் ஒரு சிங்கிள் அவரை ஹோமுக்குக் கொண்டுவந்திருக்கும்.

அப்புறம், வேகமானவர் என்பதற்காகவே பேட்டிங் வரிசையில் முதலில் போடாதீர்கள். 1986-ல் 107 பேஸ் திருடிய வின்ஸ் கோல்மன், அந்த சீசனில் பத்தில் மூன்று முறைதான் பேஸுக்கே வந்தார். போன வாரம் சித்தப்பா மகன் தன் வேகக்காரரை ஒன்பதாம் இடத்துக்கு இறக்கிவிட்டு, அடிக்கடி வாக் வாங்கும் (நாலு தப்பான பந்து வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும்) ஒரு மந்தமான ஆளை முதலில் போட்டான். அன்று என்னால் அவனை ஜெயிக்க முடியவில்லை.