களிம்பைக் கரைக்கும் முன்: அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இருவரில் ஒருவர், மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட வெண்கல விளக்கு ஒன்றை மேசையில் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் கத்தியைக் கையில் எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்ததும் அதேதான் என்பதால், யோசிக்கும் முன்பே என் கை நீண்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. பொருளைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கக் கூடாது, படம் எடுக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பவற்றை எவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நன்றாகப் படித்தவர்களும் நல்லெண்ணத்தோடு செய்துவிடும் தவறுகளையே எழுத விரும்புகிறேன்.

பார்த்து முடிக்கும் முன்பே சுத்தம் செய்வது

நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பில் படியும் களிம்பையே உவமையாகச் சொல்கிறது. ஆகவே களிம்பு என்றாலே நீக்க வேண்டிய அழுக்கு என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. அன்றாடம் ஏற்றும் விளக்குக்கு அது பொருந்தும். பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த செப்புத்திருமேனிக்கு அது பெருங்கேடாக முடியும்.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், புதையலாகக் கிடைத்த ஒரு சாண் உயர அம்மன் திருமேனி எங்களிடம் வந்தது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் வழியாக வந்த பொருள் அது. கண்காட்சி தொடங்க ஒன்பது நாள்களே இருந்தன. முகம் தெரிய வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ரோச்செல் உப்பும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் அதை இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் நைலான் தூரிகையால் தேய்த்துக் கழுவினேன். பச்சையும் நீலமுமாக இருந்த மேலோடு முழுவதும் கரைந்து, முதுகில் ஒட்டியிருந்த மண்கட்டியோடு தொட்டியின் வடிகாலில் இறங்கியது. முகம் தெரிந்தது, எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்த மாதம் வந்த தொல்லியல் அறிஞர் ஒருவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: புதைத்தவர்கள் ஆற்றுமணலைப் பரப்பி அதில் வைத்தார்களா, வயல்மண்ணில் நேராகப் புதைத்தார்களா, குப்புறக் கிடந்ததா, மல்லாந்து கிடந்ததா? விடை அந்த மண்கட்டியில்தான் இருந்தது. வேலைக்கு முன் எடுத்த படத்தை அவர் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, இடுப்புக்குக் கீழே களிம்பில் பதிந்திருந்த குறுக்கும் நெடுக்குமான இழைகளைச் சுட்டிக் காட்டினார். திருமேனியைத் துணியில் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள்; துணி மட்கிய பின்னும் அதன் நெசவைச் செம்பின் உப்புகள் அப்படியே பற்றி வைத்திருந்தன. மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் நிலைத்த அந்த நெசவை நான் ஓர் இரவில் கரைத்துவிட்டேன். அந்தப் படத்தைப் பார்க்கும்போது இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இழப்பு அதோடு நிற்கவில்லை. மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு, உலோகத்தை ஒட்டிய அடி அடுக்கில் செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற உப்பாகத் தங்கியிருக்கும். மேலே உள்ள கெட்டியான அடுக்குகள் காற்றும் ஈரமும் அதை எளிதில் எட்டாதபடி ஓரளவு மறைத்து நிற்கும். அவற்றை நீக்கிவிட்டு, அடியிலுள்ள குளோரைடை அப்படியே விட்டால், அது ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாகும். கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகும். அந்த அமிலம் புதிதாகச் செம்பை அரித்து மறுபடியும் குப்ரஸ் குளோரைடை உருவாக்க, சுழற்சி தொடரும். வெண்கல நோய் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அவ்வாண்டு ஐப்பசி மழையில் அம்மனின் தோளிலும் பீடத்திலும் பச்சைத் தூள் உதிரத் தொடங்கியது.

இன்னொன்றையும் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அரிப்புக்கு ஆளான வெண்கலத்தில் சிற்பி முடித்த மேற்பரப்பு பெரும்பாலும் உலோகத்தில் இருப்பதில்லை. களிம்பின் அடுக்குகளுக்கு நடுவே, குப்ரைட் எனப்படும் செந்நிறச் செம்பு ஆக்சைடை ஒட்டிய எல்லையில்தான் அதன் வடிவம் தங்கியிருக்கும். கரைசலுக்கு அந்த எல்லை தெரியாது. மேலே உள்ள மண்ணையும் இடையிலுள்ள நகையின் நுண்கோடுகளையும் அது ஒன்றாகவே கரைத்துவிடும். நுண்ணோக்கியின் கீழ், மூங்கில் குச்சியாலும் முள்ளம்பன்றி முள்ளாலும், தேவையான இடத்தில் மட்டும் கத்தியாலும், ஒரு நாளைக்கு ஒரு விரல்நக அளவு என்று போனால்தான் அந்த எல்லையில் நிற்க முடியும்.

இந்தத் துறையின் முன்னோடிகளைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியதற்கே வெண்கல நோய்தான் முதன்மைக் காரணம், அங்கே எஸ். பரமசிவன், மின்சாரம் செலுத்திக் களிம்பை நீக்கும் மின்பகுப்பு முறையைக் கையாண்டு பல திருமேனிகளை அழிவிலிருந்து மீட்டார். உதிர்ந்துகொண்டிருந்த பொருளுக்கு அன்று கைக்கு எட்டிய மருந்து அது. செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருள் வெண்கலப் பாதுகாப்புக்கு வந்ததே 1960-களில்தான். அதுவும் ஈரப்பதக் கட்டுப்பாடும் கையில் இருக்கும்போது, ஒரே நாளில் எல்லாவற்றையும் உரித்தெடுக்க வேண்டிய அவசரம் இன்று நமக்கு இல்லை.

மண்ணின் மதிப்பை உணர்த்த நான் பயிற்சியாளர்களுக்குச் சொல்வது பத்தூர் நடராசரின் வழக்கு. 1976-இல் பத்தூரில் தோண்டும்போது வெளிப்பட்ட அந்தத் திருமேனி கடத்தப்பட்டு இலண்டனுக்குப் போனது. அதை வாங்கிய கனடிய நிறுவனம் மதிப்பீட்டுக்கும் பாதுகாப்புப் பணிக்கும் கொடுத்திருந்த வேளையில் அந்நகரக் காவல்துறை அதைக் கைப்பற்றியது. அது பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு புதைந்திருந்ததுதானா என்ற கேள்வி எழுந்தபோது, அதில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடமும் ஆராயப்பட்டன. 1991-இல் நடராசர் நாடு திரும்பினார். பணியை ஏற்றவர் முதல் நாளே அதைத் தேய்த்துக் கழுவியிருந்தால் அந்தச் சான்றுகள் எங்கே போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே, பொருளிலிருந்து எடுக்கும் மண்ணை இடம் குறித்துக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வையுங்கள். கண்ணுக்குப் படாத ஓரிடத்தைத் தொடாமல் சாட்சியாக விட்டுவையுங்கள். கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாக இருக்கும் களிம்பு பெரும்பாலும் நிலைத்துவிட்டது; வெளிர்பச்சையாகத் தூள்தூளாக உதிர்ந்து, துடைத்த பின்னும் மறுபடி எழுவதே நோய். நோயுள்ள இடத்துக்கு மட்டும் மருத்துவம் செய்யுங்கள்.

பகலில் மட்டும் குளிரூட்டுவது

அலுவலகம் மூடும் நேரத்தில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் அருங்காட்சியகங்கள் பலவற்றில் உண்டு. பகல் முழுதும் குளிர்ந்திருந்த உலோகத்தின் மேல் இரவில் கடற்கரை ஊரின் ஈரக்காற்று படும்போது, காட்சிப்பேழைக்குள் ஒப்பு ஈரப்பதம் சில மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது. குளோரைடு உள்ள வெண்கலத்துக்கு ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். காற்றுப் புகாத சிறு பேழையும் அதனுள் முறையாக உலர்த்திய, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லும், மின்சாரம் நின்றாலும் தம் வேலையைச் செய்யும். கூடம் முழுவதையும் அரை நாள் குளிரூட்டும் செலவில் ஒரு பகுதியை இதற்குக் கேட்டு வாங்குங்கள்.

ஊரின் வெயிலை மறந்து பசையைத் தேர்ந்தெடுப்பது

பாரலாய்டு பி-72 நல்ல பசை. ஆண்டுகள் கழித்தும் அசிட்டோனில் கரைத்து ஒட்டைப் பிரிக்கலாம். ஆனால் அது ஏறத்தாழ 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும் என்பதைக் குளிர்நாட்டுப் பாடநூலைப் படித்து வருபவர்கள் கவனிப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையடியில் இருந்த ஒரு கிடங்கில், அழகாக ஒட்டிய சுடுமண் தாழி ஒன்றின் தோள் மெல்லச் சரிந்து சாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெப்பம் மிகுந்த இடத்துக்குப் போகும் பொருளுக்கு, ஏறத்தாழ 60 பாகை வரை தாங்கும் பாரலாய்டு பி-44-ஐத் தனியாகவோ கலந்தோ முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். சரிந்துவிடுமோ என்று அஞ்சி எபாக்சிப் பசைக்குத் தாவ வேண்டாம். அதைப் பிரிக்கும்போது உடைந்த விளிம்பும் சேர்ந்தே பெயர்ந்து வரும்.

பேழையின் பலகையைச் சோதிக்காமல் நம்புவது

ஒட்டுப்பலகையும் அதில் பூசிய பசையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விடும். ஈயத்தில் வெள்ளைப் பூ படியும். வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு 60 பாகையில் 28 நாள் வைத்துப் பார்க்கும் ‘ஆடி’ (Oddy) என்ற சோதனையை முடிக்காமல் எந்தப் பலகையையும் துணியையும் உள்ளே விடாதீர்கள்.

பருத்திக் கையுறை

வழுக்கும் பொருளுக்கு வேண்டாம், நைட்ரைல் ரப்பர் கையுறை அணியுங்கள்.

மினுக்கத்துக்காக எண்ணெய் பூசுவது

ஒருபோதும் செய்யாதீர்கள்.

அட்டையில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதுவது

எந்தக் கரைசல், எத்தனை விழுக்காடு, எவ்வளவு நேரம், எந்தப் பகுதியில், யார் செய்தார், ஏன் செய்தார் என்பவை இல்லாத அட்டையால் அடுத்து வருபவருக்குப் பயனில்லை. அவர் பொருளின் மேல் காணும் குழி, மண்ணில் விழுந்ததா நம் தொட்டியில் விழுந்ததா என்று அறிய வழியே இருக்காது. அந்த அம்மன் திருமேனியின் அட்டையில் நான் அன்று எழுதியதும் அந்த இரண்டு சொற்களைத்தான். பல ஆண்டுகள் கழித்து அதன் கீழே கரைசலின் பெயரையும், ஊறிய நேரத்தையும், படத்தில் தெரிந்த நெசவையும் எழுதிச் சேர்த்தேன். மண்மாதிரி என்ற கட்டத்தில் "எடுத்து வைக்கவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.