கார் ஸ்டீரியோ மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்தக் கப்ளரை வெட்டாதீர்கள்

போன மாதம் தக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தான். பழைய வேகன்ஆர் ஒன்று வாங்கியிருக்கிறான், ஆன்லைனில் ஒரு ஆண்ட்ராய்டு செட்டும் எடுத்துவிட்டான். வீட்டு முற்றத்தில் வைத்துத் தானே மாட்ட ஆரம்பித்து, பாதியில் பாட்டு வராமல் போனதும், பிரித்த டேஷ்போர்டோடு அப்படியே நாகர்கோவிலுக்கு ஓட்டி வந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். வண்டியோடு வந்த கம்பெனி கப்ளர்கள், அதாவது வண்டி ஒயர்கள் வந்து முடியும் பிளாஸ்டிக் பிளக்குகள், வெட்டுப்பட்டுச் சீட்டில் கிடந்தன.

"எதுக்கு மக்கா வெட்டின?"

"செட்டுல வந்த பிளக் அதுல சேரல்ல அண்ணே."

சேராதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் எனக்கும் சேரவில்லை, நானும் வெட்டினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், யூடியூப் பார்த்து வீட்டிலேயே மாட்டுகிறவர்கள், எல்லோரும் நான் அன்று விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுகிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமல் கை வைப்பது, கிளிப்பை உடைப்பது எல்லாம் இங்கே வராது. ஒருமுறை பட்டால் அவை தானாகப் புரிந்துவிடும். புரியாமலே வருடக்கணக்கில் காசைத் தின்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வாட்ஸ் எண்ணைப் பார்த்து செட் எடுப்பது

விலை குறைந்த செட்டின் பெட்டியில் 4 × 50 வாட்ஸ் என்றோ 4 × 60 என்றோ கொட்டை எழுத்தில் இருக்கும். பயோனியர், கென்வுட் பெட்டியிலும் அதே 50 இருக்கும். "ரெண்டும் ஒண்ணுதானே, பின்ன எதுக்கு மூணு மடங்கு காசு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்கள், 51.8 வரும். அந்த 50 இங்கிருந்துதான் வருகிறது. உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசியை (சிப்பை) அதன் எல்லைக்கே தள்ளி, பாட்டு பாட்டாக இல்லாமல் சதுர அலையாக நொறுங்கும்போது கிடைக்கும் அளவு அது. சாதாரண செட்டில் இருந்து சுத்தமான ஒலியாக அதில் பாதிதான், ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 26 வாட்ஸுக்கு மேல் வர வழியே கிடையாது. நல்ல கம்பெனிகள் 20-ஐ ஒட்டிய ஆர்எம்எஸ் எண்ணை, அதாவது தொடர்ந்து சுத்தமாகக் கொடுக்கும் வாட்ஸை, தனியாகப் போடுவார்கள். அதைத்தான் ஒப்பிட வேண்டும். அந்த எண்ணே இல்லாவிட்டால் செட்டின் முதுகில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் மொத்தமாகவே 144 வாட்ஸ்தான் உள்ளே போகும். திரை எரிவதும் அதில்தான், சூடாகப் போவதும் அதில்தான்.

அப்படியானால் பெயர் பெற்ற கம்பெனிக்குக் கொடுக்கும் கூடுதல் காசு எதற்கு? ரேடியோ பகுதிக்கு, வெயிலில் நின்ற வண்டிக்குள் சூடு தாங்குவதற்கு, தனி ஆம்ப்ளிஃபயர் போடுகிறவர்களுக்கு 2 வோல்ட், 4 வோல்ட் என்று சொன்னபடி வரும் ப்ரீ-அவுட்டுக்கு (ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு போகும் இணைப்புக்கு), பழுதானால் போய் நிற்க ஒரு சர்வீஸ் சென்டருக்கு. இவையெல்லாம் வேண்டாம், ஃபோனை ப்ளூடூத்தில் இணைத்துப் பாட்டு கேட்டால் போதும் என்கிறவருக்கு விலை குறைந்த செட்டை எடுக்காதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ரேம் அளவை மட்டும் நம்ப வேண்டாம். செட்டிங்ஸில் தெரியும் எண்ணையே மாற்றி அனுப்ப முடியும்.

கம்பெனி கப்ளரை வெட்டுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் இது.

குளச்சலில் இருந்து ஒருவர் வந்தார். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வீடு. முதலில் 5,000 ரூபாய்க்கு ஒரு செட் மாட்டியிருந்தார். ஆறு மாதத்தில் பாட்டு விட்டு விட்டு வர ஆரம்பித்தது; மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் நின்றுபோய்த் திரும்ப வரும். மலிவு சாமான் இப்படித்தான் என்று நினைத்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய கம்பெனி செட் ஒன்றை நாலு மடங்கு விலைக்கு வாங்கி அதே இடத்தில் மாட்டினார். நாலு மாதம் போனது. அதே கோளாறு. கூடவே தினமும் காலையில் மணி 12:00 காட்டும், சேமித்து வைத்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்திருக்கும். கம்பெனியில் கொடுத்தபோது அவர்கள் மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, செட்டில் ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, கம்பெனி சாமானும் டூப்ளிகேட்டா வருது போல" என்று என்னிடம் வந்து நின்றார்.

மணியும் ஸ்டேஷனும் அழிகிறது என்றால் மஞ்சள் ஒயரில் கரண்ட் விட்டுப் போகிறது என்று அர்த்தம். நினைவை வைத்திருப்பது அந்த ஒயர்தான். செட்டை வெளியே இழுத்தேன். பின்னால் கப்ளரே இல்லை. முதல் செட் மாட்டியவர் வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை ஒயரோடு கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார். இரண்டாவது செட் மாட்டியவர் அதே முறுக்கைப் பிரித்து மறுபடி முறுக்கியிருக்கிறார். டேஷ்போர்டு சூட்டில் டேப்பின் பசை உருகி, டேப் ஒரு பக்கமாக வழுக்கிப் போய்க் கிடந்தது. உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. நம் கடலோரக் காற்றில் உப்பு எவ்வளவு என்று குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஜன்னல் கம்பிக்கு என்ன கதியோ அதுதான் திறந்து கிடக்கும் செம்புக்கும்.

இரண்டு செட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறார். கோளாறு இரண்டிலும் இல்லை.

இதைவிட மோசமாகவும் முடியும். முறுக்கு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். அப்போது ஃபியூஸ் போய் நம்மைக் காப்பாற்றும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். போகாது. ஃபியூஸ் போக வேண்டுமானால் கரண்ட் கூட வேண்டும்; தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதே இல்லை, இருக்கிற கரண்டே அந்த ஒரு புள்ளியைச் சுட வைக்கும். டேப் கருகி, பக்கத்து ஒயரின் தோல் இளகி, இரண்டும் தொட்ட பிறகுதான் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்த வண்டிகளைப் பிரித்திருக்கிறேன்.

அடுத்தது நிறம். செட்டில் வரும் ஒயர்களுக்குப் பொதுவான ஒரு வழக்கம் உண்டு: மஞ்சள் நேரடி 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். வண்டிக்குள் இருந்து வரும் ஒயர்களுக்கு இந்த வழக்கம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி நிறம் போடும். கப்ளர் முழுதாக இருக்கும்வரை எந்தப் பின் எதற்கு என்று படத்தைப் பார்த்துச் சொல்லலாம். வெட்டிய பிறகு கையில் மிஞ்சுவது ஒரு கட்டு ஒயர். புதிய வண்டிகளில் ஸ்டீயரிங் பட்டனும் டேட்டா ஒயரும்கூட அதே கப்ளர் வழியாக வருவதால், தெரியாமல் 12 வோல்ட்டை அதில் தொட்டால் போவது ஸ்டீரியோ மட்டுமல்ல.

வண்டி வாரன்ட்டியில் இருந்தால் மின்சாரக் கோளாறு எதற்குப் போனாலும் அந்த வெட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். விற்கும்போது பழைய செட்டைத் திரும்ப மாட்ட முடியாது. செட் மாற்றுகிறவன் ஒவ்வொருவனும் இன்னும் கொஞ்சம் வெட்டுவான். இரண்டு விரல்கடை நீளம்தான் ஒயர் மிச்சம், அதற்கு மேல் டேஷ்போர்டையே இறக்க வேண்டும் என்ற நிலையில் வண்டிகள் வருகின்றன.

இத்தனையும் எதை மிச்சம் பிடிக்க? வண்டி மாடலைச் சொன்னால் அதற்கேற்ற அடாப்டர் ஒயர் செட் கிடைக்கும். ஒரு முனை வண்டிக் கப்ளரில் சேரும், மறுமுனை செட்டோடு. சில நூறு ரூபாய். செட்டின் ஒயரையும் அடாப்டர் ஒயரையும் வீட்டில் மேசையில் வைத்து, நிறம் பார்த்து, ஈயம் பற்ற வைத்து, ஒவ்வொன்றுக்கும் சுருங்கும் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். வண்டியில் செய்ய வேண்டியது சொருகுவது மட்டும். லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும்.

குளச்சல் வண்டிக்கு நான் பழைய சாமான் கடையில் தேடி அதே மாடலின் கப்ளர் வாங்கி, ஒவ்வொரு ஒயராகக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். கரண்ட் ஒயர்களுக்கு மல்டிமீட்டர். ஸ்பீக்கர் ஒயர்களுக்கு ஒரு 1.5 வோல்ட் பேட்டரி: ஜோடியாக ஒரு நொடி தொட்டால் எந்தக் கதவில் 'டொக்' கேட்கிறதோ அந்தக் கதவு, ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர் பாசிட்டிவ். ஒரு பகல் முழுக்க ஆனது. பெரிய கம்பெனி செட் இப்போது ஒழுங்காகப் பாடுகிறது. தூக்கிப் போட்டிருந்த 5,000 ரூபாய் செட்டையும் சொருகிப் பார்த்தோம். அதுவும் பாடியது.

மலிவு செட்டோ பெரிய கம்பெனி செட்டோ, பணம் குறைந்தால் செட்டில் குறையுங்கள். அடாப்டரில் குறைக்காதீர்கள்.

மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்குவது

சாவி ஒயர் கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் நேரடி 12 வோல்ட்டில் சேர்த்துவிடுகிறார்கள். செட் உடனே ஓடும், அதனால் சரியாகத்தான் மாட்டினோம் என்று தோன்றும். ஆனால் செட்டுக்கு வண்டி நின்றது தெரியாது. திரையை அணைத்தாலும் உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. சின்ன கார் பேட்டரி 35 ஆம்பியர் மணி. ஐந்து நாள்கூடத் தாங்காது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். லீவில் ஊருக்கு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம்கூட வராது. பேட்டரிக்காரரைத் திட்டிவிட்டுப் புதுப் பேட்டரி வாங்குவார்கள், அதுவும் இறங்கும். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை இணைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். செட்டின் கப்ளரை உருவியதும் எண் விழுந்தால் திருடன் அதுதான். ஒயர் சரியாக இருந்தும், வண்டியைப் பூட்டிய பிறகு கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும் மலிவு ஆண்ட்ராய்டு செட்களும் உண்டு. அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஸ்பீக்கர் நெகட்டிவை வண்டியின் பாடியில் கொடுப்பது

செய்யவே செய்யாதீர்கள். இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் பேட்டரியின் பாதி அளவுக்கு வோல்ட் நிற்கும்; பாடியில் தொட்டால் ஐசி போகும்.

ஃபிரேம் இல்லாமல் அடைத்து வைப்பது

டபுள் டின் (பெரிய திரை செட்டின் பொது அளவு) என்றால் அகலம் சுமார் 180, உயரம் சுமார் 100 மில்லிமீட்டர். டொயோட்டாவில் 200 அகலம் வரும். இடைவெளிக்கு ஃபோமும் அட்டையும் திணிக்காதீர்கள், வண்டிக்கான ஃபிரேம் வாங்குங்கள்.

கைபிரேக் ஒயரை எர்த் செய்து ஓடும்போது வீடியோ பார்ப்பது

கைபிரேக் போட்டிருந்தால்தான் வீடியோ வரும் என்று செட்டில் வைத்திருக்கும் தடையை ஏமாற்றும் வேலை இது. கேட்டு வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

ரேடியோவைப் போட்டுப் பார்க்காமல் காசு கொடுப்பது

கடையில் யூஎஸ்பி பாட்டு மட்டும் போட்டுக் காட்டுவார்கள். ரேடியோவைப் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் அதற்கு நல்ல பரீட்சை இருக்கிறது: நாகர்கோவில் வானொலி 101, திருவனந்தபுரம் வானொலியின் எஃப்எம் 101.9. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் போனால் நல்ல ட்யூனர் இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்கும். மட்டமானது ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிக் கரகரக்கும். விலை வித்தியாசம் காதில் தெரிவது இந்த இடத்தில்தான்.

ஆனால் ரேடியோ இழுக்கவில்லை என்றதும் செட்டைக் குறை சொல்லாதீர்கள். கூரையில் சின்ன ஆண்டெனா உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அதன் அடியில் ஒரு பூஸ்டர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் போவது செட்டின் நீல ஒயர் வழியாக. எதற்கு என்று தெரியாமல் அதை மடக்கி டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். தக்கலைத் தம்பியின் வண்டியிலும் அது மடங்கித்தான் கிடந்தது.

அவன் வண்டிக்குக் கப்ளர் கிடைக்க மூன்று நாள் ஆனது. ஈயம் வைக்கும் வேலையை அவனையே செய்யச் சொன்னேன். முதல் நாலு இணைப்பு உருண்டை உருண்டையாக வந்தது, வெட்டிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னேன். மீதியை நன்றாகவே வைத்தான். சொருகி, சாவி போட்டு, 101-ல் வைத்தோம். சாயங்காலச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.