தொற்று காலத்துல கல்யாண போட்டோகிராபி: ஆர்டரும் போகாம, ஆளும் படுக்காம

கேமராவ சானிடைசர் போட்டு துடைச்சுட்டா பாதுகாப்பு முடிஞ்சுதுன்னு 2020ல எல்லாருமே நினைச்சோம், அப்ப தெரிஞ்சது அவ்ளோதான். ஆனா கொரோனா பெரும்பாலும் காத்து வழியா, அதுவும் மூடின ரூம்ல பல பேர் ஒரே காத்த சுவாசிக்கிறப்பதான் பரவுதுன்னு பின்னாடி தெளிவாச்சு. கிருமி இருக்கிற பொருள ஒரு தடவ தொட்டா ஒட்டிக்கிற வாய்ப்பு பொதுவா 10,000ல ஒண்ணுக்கும் கம்மின்னு 2021 ஏப்ரல்ல அமெரிக்காவோட நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசியே சொல்லிருச்சு. அப்ப நம்ம தொழில்ல ஆபத்து எங்க இருக்குன்னு பாத்தா மேடைல மட்டும் இல்ல. முந்தின நாள் ராத்திரி டீம் மொத்தமும் படுக்குற அந்த ஒரே ஏசி ரூம்ல இருக்கு, கண்ணாடி ஏத்திவிட்டு போற கார்ல இருக்கு, பொண்ணு மேக்கப் ரூம்ல இருக்கு, மாஸ்க் இல்லாம உக்கார்ற பந்தில இருக்கு. இது எதையும் மண்டபத்துக்கு போய் மாத்த முடியாது, புக்கிங் போன்லயே பேசி முடிச்சிருக்கணும். அடுத்து காத்து வழியா பரவுற எந்த தொற்று வந்தாலும் இதுதான் கணக்கு.

முதல்ல பார்ட்டிகிட்ட, அதாவது கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட, கேக்க வேண்டியது. மண்டபம் ஏசியா, ஜன்னல் திறக்குற மாதிரியா, வீட்டு வாசல்ல பந்தலா, எத்தன பேர் வர்றாங்க, எங்களுக்கு தனி ரூம் உண்டா, சாப்பாடு பார்சலா கிடைக்குமா. கேக்க கூச்சமா இருக்கும், கேளுங்க. ஏசி ஹால்னா தாலி கட்டுற நேரமாவது கதவெல்லாம் திறந்து ஃபேன் போட சொல்லுங்க, வேர்க்குதுன்னு பொண்ணு வீட்ல முகம் சுளிப்பாங்க, பரவால்ல. ராத்திரி தங்குறத முடிஞ்ச வரைக்கும் தவிர்த்துருங்க, உள்ளூர்னா வீட்ல தூங்கிட்டு விடியக்காலைல கிளம்பிருங்க. வெளியூர்னா மொட்டமாடி இல்லன்னா ஜன்னல் திறந்த ரூம், கார்ல கண்ணாடி இறக்கி ஏசி ஆஃப்.

அடுத்து டீம் சைஸ். தமிழ்நாட்ல 2020லயும் சரி, 2021 ஏப்ரல் கடைசில ரெண்டாவது அலை அடிச்சப்பவும் சரி, கல்யாணத்துக்கு 50 பேர்தான்னு கட்டுப்பாடு இருந்துச்சு. அப்ப எல்லா வீட்லயும் ஒரே கேள்வி, 50ல கேமராமேனும் சேத்தியான்னு. அதிகாரி வந்து தலைய எண்ணும்போது கேமரா தூக்குனவன தனியா விடுவார்னு நம்பாதீங்க, சேத்திதான்னு வெச்சுக்கிட்டு டீம சின்னதாக்குங்க. ட்ரெடிஷனல் (வழக்கமா நிறுத்தி எடுக்குறது) ரெண்டு, கேண்டிட் (போஸ் இல்லாம இயல்பா எடுக்குறது) ரெண்டு, லைட் ரெண்டு, டிரோன் ஒண்ணுன்னு ஏழு பேர் போற இடத்துக்கு மூணு பேர் போதும். போட்டோ ஒருத்தர், வீடியோ ஒருத்தர், லைட்டுக்கு ஒருத்தர். போட்டோ எடுக்குறவர் ரெண்டு கேமரா மாட்டிக்கிட்டா கேண்டிடும் அவரே பாத்துக்கலாம். ஆள் கொறைஞ்சுதுன்னு ரேட்ட பாதியாக்க சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, மூணு பேர் ஏழு பேர் வேல பாக்குறோம், அதோட வர முடியாத சொந்தக்காரங்க பாக்க யூடியூப்ல லைவ்வும் குடுக்குறோம்ல.

லென்ஸ்தான் நம்ம கைல இருக்குற இடைவெளி, இத நிறைய பேர் யோசிக்கிறதில்ல. ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவ செங்குத்தா புடிச்சு ஜோடிய தலைலருந்து கால் வரைக்கும் எடுக்கணும்னா 24 எம்எம்ல சுமார் ஒன்றரை மீட்டர்ல நிக்கணும், 50ல மூணு மீட்டர், 85ல அஞ்சு மீட்டர். அதனால 24-70 லென்ஸ பைலயே வெச்சுட்டு 70-200, 85ன்னு லாங் லென்ஸ் மாட்டுனா தானாவே தள்ளி நிப்பீங்க. பிரச்சன தாலி கட்டும்போதுதான், எல்லாரும் எந்திரிச்சு அட்சதை போட சுத்தி நின்னுக்குவாங்க, லாங் லென்ஸ்ல முதுகும் கையும் தான் விழும். இதுக்கும் முன்கூட்டியே வீட்ல ஒரு பெரியவர்கிட்ட பேசி மேடையோட ஒரு பக்கத்த காலியா விட சொல்லுங்க, அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்னுக்கலாம். அப்புறம், தூரமா நிக்கிறோம்னு மாஸ்க கழட்டிராதீங்க, மூடின ஹால்ல தூரம் மட்டும் காப்பாத்தாது. என்95 போட்டா வியூஃபைண்டர் பனி புடிச்ச மாதிரி ஆயிரும், மூக்கு கம்பிய நல்லா அழுத்தி மேல ஒரு மைக்ரோபோர் டேப் ஒட்டிருங்க, அப்பவும் சரிப்படலன்னா பின்னாடி ஸ்கிரீன பாத்தே எடுங்க.

மேக்கப் ரூம் தனி கதை. பத்துக்கு பத்து ரூம், ஏசி, மேக்கப் ஆர்ட்டிஸ்ட், அத்தை, சித்தி, தோழிங்கன்னு எல்லாரும் உள்ள இருப்பாங்க, யாரும் மாஸ்க் போட்டிருக்க மாட்டாங்க, நாம அங்க ஒரு மணி நேரம் நிப்போம். ரெடி ஆனதுக்கப்புறம் பொண்ண வெளிய வராண்டா ஜன்னல் பக்கம் வர சொல்லுங்க, பூ வைக்கிறது, வளையல் போடுறது எல்லாத்தையும் அங்கயே திருப்பி பண்ண சொல்லி எடுக்கலாம். வெளிச்சமும் அங்கதான் நல்லா இருக்கும், உண்மைய சொன்னா தொற்று இல்லன்னாலும் நான் அப்படித்தான் எடுக்க சொல்லுவேன்.

குரூப் போட்டோவுக்கு ஒரே வீட்ல இருக்கிறவங்கள மட்டும் ஒண்ணா நிறுத்துங்க. நின்னு செட் ஆனதுக்கப்புறம் மாஸ்க எடுக்க சொல்லி டக்குன்னு நாலஞ்சு ஃப்ரேம், உடனே மாட்டிக்கலாம். "அண்ணே கொஞ்சம் தள்ளுங்க, பாட்டி இங்க பாருங்க"ன்னு தொண்ட கிழிய கத்துறது நம்ம பழக்கம், ஆனா கத்துறப்பதான் வாய்லருந்து அதிகமா தெறிக்குது. சின்னதா ஒரு காலர் மைக், இடுப்புல மாட்டுற ஸ்பீக்கர், டீச்சருங்க வெச்சிருப்பாங்களே அது, வாங்கி வெச்சுக்குங்க.

சாமான் துடைக்கிறத சுருக்கமா சொல்லிர்றேன். ஆளுக்கு ஒரு கேமரா, மாத்திக்கிட்டு கண்ணு வைக்காதீங்க. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால துணில நனைச்சு கிரிப்பையும் பட்டனையும் மட்டும் துடைங்க, நேரா ஸ்பிரே அடிச்சா உள்ள இறங்கிரும். லென்ஸ் கண்ணாடிக்கு லென்ஸ் கிளீனர் மட்டும்தான், பிளீச்சிங் பக்கமே போகாதீங்க. கைல போடுற ஜெல் காயாம கேமராவ தொட்டா டயல் எல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும். முக்கியமா, சானிடைசர்ல இருக்கிறது ஆல்கஹால், கைல ஈரம் இருக்கும்போது ஹோமம், குத்துவிளக்கு கிட்ட போகவே கூடாது, லைட் தூக்குற பையனுக்கும் இத சொல்லி வைங்க.

லைவ் குடுக்குறதுன்னா முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே சேனல ரெடி பண்ணுங்க. புது யூடியூப் சேனல்ல லைவ் ஆன் ஆக 24 மணி நேரம் வரைக்கும் ஆகும், மொபைல்லருந்தே லைவ் போகணும்னா 50 சப்ஸ்கிரைபர் வேணும். அன்லிஸ்டட்ல (லிங்க் இருக்கிறவங்க மட்டும் பாக்குற மாதிரி) போட்டு லிங்க்க சொந்தக்காரங்களுக்கு மட்டும் அனுப்பலாம். ரெண்டு வேற வேற கம்பெனி சிம் கைல இருக்கட்டும். மண்டபத்துல சினிமா பாட்டு ஓடுச்சுன்னா காப்பிரைட்ல லைவ் நின்னுரலாம், ஸ்பீக்கர்காரர்கிட்ட சொல்லி முகூர்த்த நேரத்துல பாட்ட நிறுத்திட்டு, நேர்ல வாசிக்கிற நாதஸ்வரம் மட்டும் கேக்குற மாதிரி பண்ணுங்க.

மாஸ்க் இல்லாத கூட்ட போட்டோவ உங்க பேஜ்ல போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. 2021 மே மாசம் மதுரைலருந்து சார்ட்டர் ப்ளைட் எடுத்து வானத்துல கல்யாணம் நடந்துச்சுல்ல, நூறு பேருக்கு மேல, அந்த வீடியோ பரவி, விமானப் போக்குவரத்த கண்காணிக்கிற டிஜிசிஏ விசாரணை வரைக்கும் போச்சு. நம்ம ஆல்பம் பார்ட்டிக்கு எதிரா சாட்சியா மாறக்கூடாது.

இனி காசு. ரசீதுல "அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது"ன்னு அடிச்சிட்டா போதும்னு இருக்காதீங்க. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 56வது பிரிவு, நடத்தவே முடியாம போன ஒப்பந்தம் செல்லாதுங்குது, 65வது பிரிவு, அப்படி செல்லாம போனா வாங்குனத திருப்பிக் குடுக்கணும்ங்குது. அதனால ஒரு தடவ தேதி மாத்துறது இலவசம், அதுக்கு மேல எவ்ளோ, மொத்தமா கேன்சல்னா எவ்ளோ திருப்பித் தருவோம்னு ஒரு பக்கத்துல எழுதி கையெழுத்து வாங்கிருங்க. நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல், தள்ளிப்போன கல்யாணம் எல்லாம் ஒரே நாள்ல வந்து விழும். 2020 பங்குனி, சித்திரைல நின்னு போனவங்க ஆடில வைக்க மாட்டாங்க, புரட்டாசில வைக்க மாட்டாங்க, நடுவுல ஆவணி முகூர்த்தத்துக்கு மொத்த ஊரும் அடிச்சுக்கும். புதுத் தேதிய எங்கள கேட்டுட்டு முடிவு பண்ணுங்கன்னு அந்த பேப்பர்லயே எழுதிருங்க. பக்கத்து ஊர் ஸ்டுடியோ ரெண்டு மூணு பேர்கிட்ட பேசி, எனக்கு முடியலன்னா நீங்க, உங்களுக்கு முடியலன்னா நான்னு ஏற்பாடு வெச்சுக்குங்க, யாருக்கு எப்ப பாசிட்டிவ் வரும்னு தெரியாது.

ஆல்பத்துக்கு போட்டோ செலக்ட் பண்ண குடும்பமே கடைக்கு வந்து மானிட்டர் முன்னாடி மணிக்கணக்கா உக்காரும், அத நிறுத்திருங்க. போட்டோவ சின்ன சைஸ் ஆக்கி டிரைவ்ல ஏத்தி, நம்பர வாட்ஸப்ல அனுப்ப சொல்லுங்க. கடைல பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வர்றவங்களுக்கு வெச்சிருக்கிற அந்த சீப்பு, பவுடர் டப்பா, எல்லாரும் போட்டுக் கழட்டுற கோட்டு டை மூணையும் எடுத்து உள்ள வைங்க, கோட்ட போட்டோஷாப்ல மாட்டிக்கலாம். கதவு திறந்து, எக்ஸாஸ்ட் ஓடட்டும், கிளிக் பண்ற நேரம் மட்டும் மாஸ்க் இறங்கட்டும்.

கடைசியா லைட் புடிக்கிற பசங்க. தினக்கூலி, வந்தாதான் காசு, அதனால காய்ச்சல் இருந்தா மாத்திரைய போட்டுட்டு சொல்லாம வந்துருவாங்க, தப்பு அவங்க மேல இல்ல. உடம்பு சரியில்லன்னு காலைல போன் பண்ணா பாதி கூலி வீட்டுக்கே வரும்னு முன்னாடியே சொல்லிருங்க, அந்த காச பார்ட்டிகிட்ட வாங்குற ரேட்லயே சேத்துக்குங்க. அறிகுறி தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சுரும்ங்கிறதால, கல்யாணம் முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல டீம்ல யாருக்காவது பாசிட்டிவ் வந்தா பொண்ணு வீடு, மாப்பிள வீடு ரெண்டுக்கும் அன்னிக்கே போன் போட்டு சொல்லிருங்க. திட்டுவாங்க, பேலன்ஸ் காசு லேட்டா வரும், ஆனா அந்த வீட்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கு நேரத்துல டெஸ்ட் எடுப்பாங்க.