வெந்நீர் வயலுக்குப் போகும் முன்: பனிநாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழியிலும் தையிலும் மட்டக்களப்பில் வெள்ளம் வாசற்படி வரை வரும்போது, யப்பானின் மலைகளில் பனி ஆள் உயரத்துக்குக் குவிகிறது. குளிர்ந்துபோன ஆசியப் பெருநிலத்திலிருந்து வெளியேறும் காற்றுத்தான் இரண்டுக்கும் காரணம். வங்காள விரிகுடாவில் அள்ளிய ஈரத்தை அது எங்களுக்கு மாரிமழையாகக் கொட்டுகிறது. யப்பான் கடலில் அள்ளிய ஈரத்தை அங்கே பனியாகக் கொட்டுகிறது. ஆனாலும் மழைக்குப் பழகிய உடம்பு பனிக்குப் பழகியதாக ஆகிவிடாது. கடந்த தையில் மகளைப் பார்க்கப் போய், அக்காவோடு குசாட்சு என்ற வெந்நீரூற்று ஊரில் ஒரு நாளைக் கழித்தபோது இதைக் கண்ணால் கண்டேன். வேலைக்கும் படிப்புக்கும் போன பிள்ளைகளைப் பார்க்க எங்கள் பக்கத்திலிருந்து இனியும் பெற்றோர் போவார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, வெந்நீரூற்று என்றதும் எங்களுக்குத் தெரிந்த ஊற்றுகளை நினைத்துக்கொள்வது. செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை கடந்து போனால் மகாஓயா. திருகோணமலைப் பக்கம் போனால் கன்னியாவின் ஏழு கிணறுகள். இரண்டு இடத்திலும் வாளியால் அள்ளி உடம்பில் ஊற்றுகிறோம். ஊற்றிய நீர் நிலத்தில் ஓடிப் போய்விடுகிறது. யப்பானியக் குளியல் அப்படியல்ல. அங்கே கழுத்தளவு நீரில் பலரும் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். தொட்டிக்குள் இறங்குவது அழுக்குப் போக்க அல்ல. அதற்கு முன்பே, சுவரோரமாக வரிசையாக இருக்கும் சிறு முக்காலியில் அமர்ந்து, சவர்க்காரம் போட்டு, நுரை ஒரு துளியும் இல்லாமல் உடம்பைக் கழுவிவிட வேண்டும். மாமாங்கத் தீர்த்தக்குளத்துக்குள் நின்று யாராவது சவர்க்காரம் தேய்த்தால் எங்களுக்கு எப்படி மனம் நோகுமோ, அப்படித்தான் அவர்களுக்கும் நோகும்.

எண்ணெய் விடயத்தை எங்கள் பெண்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். குளிருக்கு நல்லது என்று தலையில் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு போனால், அது தொட்டி நீரில் படலமாக மிதக்கும். தலையை நன்றாகக் கழுவி, கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். சிறு துவாயையும் நீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைக்கலாம், அல்லது கல்லின்மேல் வைக்கலாம்.

உடை விடயம் இதைவிடக் கடினமானது. குறுக்குக்கட்டோடும் சாரத்தோடும் குளித்துப் பழகியவர்கள் நாங்கள். அங்கே பெரும்பாலான பொதுக் குளியல்களில் துணி எதுவும் அணிந்து இறங்க முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம் உண்டு என்றாலும் கூச்சம் போகாது. உடலை மறைப்பதைக் கடமையாகக் கொண்ட கல்முனை, சம்மாந்துறை முஸ்லிம் குடும்பங்களுக்கு இது கூச்சத்தையும் தாண்டிய விடயம். வாசல் வரை போய்த் திரும்பி வருவதும் தவறு, வற்புறுத்தலுக்காக இறங்குவதும் தவறு. பல விடுதிகளில் குடும்பத்துக்கென்று பூட்டிக்கொள்ளக்கூடிய தனிக் குளியலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ‘கஷிக்கிரி’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உடை மாற்றும் அறையில் கைத்தொலைபேசியை வெளியே எடுக்கவே வேண்டாம். ஊரில் இருப்பவர்களுக்குக் காட்டும் ஆசையில் காணொளி எடுத்தால், அது பக்கத்தில் நிற்கும் மனிதருக்குச் செய்யும் பெரும் அநீதி.

குசாட்சுவின் நீர் கடும் அமிலத்தன்மை உள்ளது. தேசிக்காய்ப் புளிக்குக் கிட்டத்தட்டச் சமம். கண்ணில் பட்டால் எரியும், காயத்தில் பட்டால் இன்னும் எரியும். கந்தகமும் கலந்திருப்பதால் வெள்ளி அரைஞாணும் கொலுசும் கறுத்துப்போகும். செம்பு கலந்த தங்கமும் நிறம் மாறலாம். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீரில் என்ன இருக்கிறது, யார் குளிக்கக் கூடாது என்பதை எழுதித் தொங்கவிட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் வெந்நீரூற்றுச் சட்டமே சொல்கிறது. அந்தப் பலகையைப் பிள்ளைகளிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அக்காவுக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. குசாட்சுவின் நடுவில் யுபாத்தாக்கே என்றொரு இடம் இருக்கிறது; ‘வெந்நீர் வயல்’ என்று பொருள். கொதிக்கும் ஊற்றுநீரை மர வாய்க்கால்களில் ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். பச்சை நிற நீரிலிருந்து ஆவி எழ, சுற்றிலும் பனி விழ, வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டு அக்கா அப்படியே நின்றுவிட்டார். பக்கத்திலேயே கால் நனைக்கும் தொட்டி ஒன்று. இரண்டு மணி நேரம் பனியில் நடந்த கால்களை அதில் வைத்தார். ‘சூடே தெரியவில்லை, நல்ல சுகமாக இருக்கிறது’ என்றார். கொஞ்ச நேரத்தில் மகள் குனிந்து பார்த்தபோது கணுக்கால் வரை செக்கச் செவேலென்று இருந்தது. துடைத்துப் பார்த்தால் உள்ளங்காலில் இரண்டு கொப்புளங்கள். அவை ஆற ஊருக்கு வந்தும் மூன்று வாரம் பிடித்தது.

நீண்ட நாள் நீரிழிவு கால் நரம்புகளின் உணர்வைக் குறைத்துவிடுகிறது. சூடு தெரியவில்லை என்றால் சூடு இல்லை என்று பொருளல்ல. எங்கள் ஊரில் எத்தனை வீடுகளில் இந்த நோய் இருக்கிறது! காலை வைப்பதற்கு முன் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், அல்லது நோயில்லாத ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உடையில் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொதிகளும் இப்படித்தான். மெல்லிய சூடுதானே என்று தோலின்மேல் நேராக ஒட்டினாலோ, ஒட்டிக்கொண்டு தூங்கினாலோ, மணிக்கணக்கில் இருந்து புண்ணாக்கிவிடும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேறோர் ஆபத்து. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. உடனே நாற்பது பாகைக்கு மேலான நீரில் இறங்கினால் குழாய்கள் விரிந்து அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுபவர்கள் உண்டு. யப்பானிலேயே குளிர்காலக் குளியலில் முதியவர்கள் பலர் உயிரிழக்கிறார்கள். பனியிலிருந்து வந்ததும் நேரே குளிக்கப் போகாதீர்கள். உள்ளே அமர்ந்து உடம்பைச் சூடாக்கி, தண்ணீர் குடியுங்கள். தொட்டி நீரைக் கிண்ணத்தில் அள்ளி முதலில் காலில், பிறகு கையில், பிறகு தோளில் ஊற்றுங்கள். இடுப்பளவு நீரில் ஐந்து நிமிடம் இருந்தால் முதல் தடவைக்குப் போதும். மெதுவாக எழும்புங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனும் மது அருந்திய பிறகும் இறங்கவே வேண்டாம். வயதானவரைத் தனியாக விடாதீர்கள்.

வெளியே சுற்றும்போது நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழவழப்பான அடியுள்ள சப்பாத்து வேண்டாம். பாதம் முழுவதும் நிலத்தில் படும்படி சிறு அடியாக வைத்து நடங்கள். கூரை விளிம்பின் கீழ் நின்று படம் எடுக்காதீர்கள், மேலிருக்கும் பனி ஒரே பாளமாகச் சரிந்து விழும். பருத்திப் பெனியன் வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிர வைக்கும், கம்பளி உள்ளாடை நல்லது. ஈரத் தலையோடும் ஈரக் காலோடும் வெளியே வராதீர்கள்.

தூரத்தை வரைபடத்தில் அளந்து திட்டமிடுவதையும் விட்டுவிடுங்கள். வெந்நீரில் குளிக்கும் குரங்குகளைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. அவை இருக்கும் ஜிகோகுதானி, மலைக்கு அப்பால் நகானோ மாகாணத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்தான், ஆனால் இடையிலுள்ள மலைப்பாதையைப் பனி காரணமாகக் குளிர்காலம் முழுவதும் மூடிவிடுகிறார்கள். அங்கே போனாலும் காட்டுப்பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கடும் பனி விழுந்தால் பஸ்ஸும் ரயிலும் நின்றுவிடும். நாங்கள் அன்றிரவே திரும்பும் அவசரத்தில் இருந்தோம். அந்த அவசரத்தில்தான் அக்காவின் காலை யாரும் நேரத்தோடு பார்க்கவில்லை. ஓர் இரவு தங்கும்படி திட்டமிட்டிருந்தால் அது நடந்திருக்காது.

ஆடி மாதம் அக்காவோடு மகாஓயாவுக்குப் போனோம். முதற்கிணற்றில் வாளி நிறைய அள்ளி வைத்து, முழங்கையை நனைத்துப் பார்த்தார். அதை அப்படியே நிலத்தில் ஊற்றிவிட்டு, சூடு குறைந்த கிணற்றைத் தேடி நடந்தார்.