ஒரு மீட்டர் புதுத் துணியில் கட்டில் போர்வை

மார்கழி, தை மாதங்களின் விடியற்கால வாடைக்கு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கம்பளி தேவைப்படுவதில்லை. நான்கு அடுக்குப் பருத்தித் துணியே போதும். உள்ளே பஞ்சு வைக்க வேண்டாம். கடற்காற்றின் ஈரத்தில் பஞ்சு எளிதில் உலராமல் வாடை பிடித்துவிடும்.

போர்வையின் அளவை முதலில் முடிவுசெய்து, பிறகு துணி தேடுவதுதான் தொடங்குபவர்கள் செய்யும் தவறு. இருக்கும் துணியை முதலில் அளந்து பாருங்கள். ஐந்தரை மீட்டர் சேலை ஏறத்தாழ 216 அங்குலம். அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் 72 அங்குலம், அதாவது சரியாக ஆறடி. ஒரே சேலையில் அடித்துணிக்கு ஒன்றும் நடு அடுக்குக்கு இரண்டும் கிடைத்துவிடுகின்றன. பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் நெய்த பழைய பருத்திச் சேலை இருந்தால் நல்லது. சரிகை உடலில் உறுத்தும் என்பதால் நூல் கரையுள்ளதையே எடுங்கள். ஃபால்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள்.

மேல்துணிக்கு 44 அங்குல அகலமுள்ள பூப்போட்ட பருத்தித் துணி ஒரு மீட்டரும், பழைய நாலு முழ வேட்டி ஒன்றும் வேண்டும். எல்லாவற்றையும் முன்னதாகவே நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். துணியில் உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புதுத் துணியின் ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் போகிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் நான் தைத்த முதல் போர்வையில் வேட்டிப் பட்டைகள் அனைத்தும் இளஞ்சிவப்பாக மாறின.

இனி வெட்டலாம். பூத்துணியில் 6 அங்குல அகலத்தில் ஆறு பட்டைகள். ஒரு மீட்டர் என்பது 39 அங்குலமாதலால், சுருங்கினாலும் போதுமானது. வேட்டியில் 7 அங்குல அகலத்தில் ஏழு பட்டைகள். இதற்கு 49 அங்குலமே செலவாகும் என்பதால், நைந்த பகுதியைத் தாராளமாக ஒதுக்கலாம். எல்லாப் பட்டைகளின் நீளமும் 42 அங்குலம். வேட்டியில் தொடங்கி வேட்டியில் முடியுமாறு மாற்றி மாற்றி வைத்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு மெஷினில் இணையுங்கள். பதின்மூன்று பட்டைகளும் சேர்ந்து 73 அங்குலம் வரும். இரு முனைகளிலும் அரை அங்குலம் உள்ளே மடிந்தபின் 72.

அடுக்குவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். சன்னலைச் சாத்திவிட்டு, அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, அதன்மேல் கரை நீக்கி 42 அங்குலமாக வெட்டிய நடு அடுக்குகள் இரண்டையும், கடைசியாக மேல்துணியையும் வையுங்கள். அடித்துணியின் கரை மட்டும் இருபுறமும் ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சுருக்கம் தள்ளியபடியே நீளமான தற்காலிகத் தையல் போடுங்கள். ஊக்குகள் உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடித்துக் கறை விடும்.

பிறகு, பட்டைகளின் இணைப்பை ஒட்டியே இரட்டை நூலில் ஓட்டுத்தையல் போடுங்கள்; இதையும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். வலை பழுதுபார்க்கும் வீடுகளில் நைலான் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். உறுதியானது என்று அதை எடுத்துவிடாதீர்கள், பருத்தியை அது அறுத்துவிடும்.

நீட்டி நிற்கும் கரையின் விளிம்பை அரை அங்குலம் மடித்து, மேல்துணியின்மீது கொண்டுவந்து தையுங்கள். சேலைக் கரையே போர்வைக்குச் சட்டமாகிவிடும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மேல்துணி முனையை உள்ளே மடித்துத் தைத்தபின், தற்காலிகத் தையலை உருவி எடுங்கள்.