நாலு மணிக்கே எழும் தாத்தாக்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கும் எங்கள் தாத்தாவுக்கு, பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போன பழக்கத்தில் இன்னும் விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். சட்டென்று எழுந்து இருட்டில் கழிப்பறைக்கு நடப்பார். படுத்திருந்தவர் திடீரென நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். கால் தரையில் படட்டும். கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டி, ஓரிரு நிமிடம் கழித்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழட்டும். டார்ச்லைட் கைக்கு எட்டும் கொக்கியில் தொங்கட்டும். அப்புறம், அடி தேய்ந்த ஜப்பான் சிலிப்பரைத் தூக்கிப் போடுங்கள் (தாத்தா இதற்குத்தான் இரண்டு நாள் பேசவில்லை). விழுந்துவிட்டால் இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்பு வலிக்கிறது என்றால் உடனே 999 அவசர எண்ணுக்கு அழையுங்கள்.