சிகரட்டை விட்டு நாளான பிறகும் ஆசை வந்தால்

விட்டு எட்டு மாதம், ஒரு வருடம், சிலருக்கு மூன்று வருடம் கூட ஆகியிருக்கும். அப்போதும் திடீரென்று "ஒன்று பற்றவைத்தால் என்ன" என்று மனம் கேட்கும். உடம்பில் நிகோட்டின் இன்னும் கிடக்கிறதோ என்று பயப்பட வேண்டாம். இரத்தத்திலுள்ள நிகோட்டின் ஏறக்குறைய 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலானோருக்கு ஒரு மாதத்துக்குள் தணியும். அதற்குப் பிறகு வருவது பழக்கத்தின் நினைவு. அதற்கு வேறு வைத்தியம்.

காலைத் தேத்தண்ணியைச் சிகரட் இல்லாமல் நூற்றுக்கணக்கான தரம் குடித்தாயிற்று, ஆகவே அந்தத் தொடர்பு தளர்ந்துவிட்டது. செத்தவீட்டு இரவில் வாசலில் கதிரை போட்டு விழித்திருப்பதும், கலியாண வீட்டில் பழைய கூட்டாளிகளோடு ஒதுங்குவதும் வருடத்தில் ஒன்றிரண்டு தரம்தான் நடக்கும். அந்த இடங்களைச் சிகரட் இல்லாமல் கடந்து பார்க்க மூளைக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால்தான் அபூர்வமாக வரும் சந்தர்ப்பத்தின் ஆசை கடைசியில் அடங்குகிறது.

முதலில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். ஆசை வந்த நேரம், இடம், பக்கத்தில் யார், சற்று முன் சாப்பிட்டது குடித்தது, மனநிலை: இந்த ஐந்தும் போனில் ஒரு வரியாகப் போதும். கொழும்பு புறக்கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதா, மழைக்குக் கடைக் கூரையின் கீழ் ஒதுங்கும்போதா, பகல் சோறு முடிந்த கையோடா என்பது தெரிந்துவிடும். பசியையும் களைப்பையும் சிகரட் ஆசை என்று எடுத்துக்கொண்ட இடங்களும் அகப்படும்.

தேத்தண்ணியைத் தனியாகக் கணக்கெடுங்கள். சிகரட் புகை, தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக அகற்றும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு பிளேன்டீயும் கோப்பியும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, இரவில் தூக்கம் வராமை எல்லாம் அதனால் வரலாம். பலர் இதை "சிகரட் கேட்கிறது" என்று நினைக்கிறார்கள். அளவைப் பாதியாக்கி, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள்.

எதிர்பாராமல் ஆசை வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். தீனி போடாத ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் இறங்கிவிடும். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விடுங்கள், 10 தரம். பிறகு 10 நிமிடம் வேகமாக நடங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மெரைன் டிரைவ் இருக்கிறது. வாய்க்கு ஒரு கராம்போ ஏலக்காயோ போதும். வெற்றிலைக்கு மாற வேண்டாம்: பாக்கே புற்றுநோய் தரக்கூடியது, கூடப் புகையிலையும் சேர்ந்தால் நிகோட்டின் திரும்பவும் உள்ளே வந்துவிடும்.

எந்தச் சந்தர்ப்பம் என்று தெரிந்தபின் நீங்களே திட்டமிட்டுப் போக வேண்டும். இங்கே முறை நேர்மாறு: ஓடக்கூடாது. வயிறு நிறைந்த, நன்றாகத் தூங்கிய ஒரு நாளில், புகைக்காத ஒருவரோடு, பழைய தேத்தண்ணிக் கடைக்குப் போய் 20 நிமிடம் இருங்கள். ஆசை ஏறும், நிற்கும், இறங்கும். இறங்கிய பிறகே எழும்புங்கள். உச்சத்தில் எழும்பினால் "தப்பி ஓடினேன்" என்பதைத்தான் மூளை படிக்கும். ஒரு நாள் போனது காணாது, சில வாரம் திரும்பத் திரும்பப் போக வேண்டும்.

குடியை மட்டும் இந்தப் பயிற்சியில் சேர்க்காதீர்கள். இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு எடுத்த முடிவு நிற்காது, வெளியே பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரட் கிடைக்கிறது. குடி இருக்கும் இடத்துக்குப் போகத்தான் வேண்டுமென்றால் வீடு திரும்பும் நேரத்தை முன்பே ஒருவரிடம் சொல்லிவிட்டு, உள்ளேயே இருங்கள். மூடிய பொது இடங்களில் புகைப்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சபையில் ஆட்கள் "வாங்கோ, வெளியே போவோம்" என்று எழும்பும் கணம்தான் மிக ஆபத்தானது. அதற்குச் சொல்லும் பதிலை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பெரும்பாலும் கவிழ்வது "ஒன்றே ஒன்று, சோதித்துப் பார்ப்போம்" என்ற இடத்தில். சோதனை தேவையில்லை. மேசை லாச்சியில் கிடக்கும் லைட்டரையும் கொடுத்துவிடுங்கள். புகைப்பது போல் கனவு கண்டால் பதற வேண்டாம், அது சாதாரணம்.

ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் மிச்சத்தை உடனே எறிந்துவிட்டு, எந்தச் சந்தர்ப்பம் என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே 1948 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையின் ஆலோசனை இணைப்பு அது. மாதக்கணக்காக நிகோட்டின் இல்லாமல் இருப்பவர் தானாக நிகோட்டின் சூயிங்கம் தொடங்கக்கூடாது, வைத்தியரிடம் கேட்டே எடுக்க வேண்டும். ஆசையோடு மனச்சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் பொறுத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.